ஒரு படத்தைப் பிடித்து வைத்த குழாய்

நேயர்களுக்கு வணக்கம். ராடாரின் கற்றை வட்டமாகச் சுற்றுகிறது. தொலைக்காட்சியோ வரிவரியாக, நொடிக்கு 25 அல்லது 30 படம் கேட்கிறது. நடுவில் படத்தைப் பிடித்து வைக்க ஓர் இடம் வேண்டும். டிஜிட்டல் நினைவகம் விலை எட்டாதிருந்த நாளில் அந்த இடமாக இருந்தது எலெக்ட்ரான் கற்றைச் சேமிப்புக் குழாய். அமெரிக்க மின்னணு நிறுவனமான ஆர்.சி.ஏ.வின் கிராஃபெக்கான் என்ற குழாய் 1949-இல் வெளிவந்தது. அதில் எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சும் ‘துப்பாக்கி’ இரண்டு: ஒன்று படத்தை எழுதும், இன்னொன்று படிக்கும். எழுபதுகளில் வந்த சிலிக்கான் குழாய்க்கு ஒரே துப்பாக்கி போதும். மருத்துவ அல்ட்ராசவுண்டில் சாம்பல் நிறப் படிகள் தெரியத் துணைநின்றது அதுதான்.

அதன் இலக்குத் தட்டைக் கிட்டத்தில் பாருங்கள். சிலிக்கான் வில்லையின் மேல் மின்சாரம் கடத்தாத மெல்லிய ஆக்சைடுக் கோடுகள், இடையில் வெறும் சிலிக்கான். தட்டுக்கு, உதாரணமாக, 20 வோல்ட் கொடுத்துக் கற்றையை ஓட்டினால், ஆக்சைடு மேற்பரப்பு எலெக்ட்ரான்களை வாங்கிக் கேத்தோடின் (எலெக்ட்ரான்கள் புறப்படும் முனை) மட்டமான சுழி வோல்ட்டுக்கு இறங்கும். அடுத்து தட்டைச் சுமார் 200 வோல்ட்டுக்கு ஏற்றி எழுதவேண்டும். அந்த வேகத்தில் மோதும் ஒவ்வோர் எலெக்ட்ரானும் சராசரியாக ஒன்றுக்கு மேல் எலெக்ட்ரான்களைத் தெறிக்கவிடும். கற்றை பட்ட இடம் நேர்மின் பக்கம் ஏறும். படிக்கும்போது தட்டு 8 வோல்ட். தட்டு 20-இலிருந்து 8-க்கு இறங்க, அதோடு சேர்ந்து இறங்கும் எழுதாத ஆக்சைடு இப்போது கழித்தல் 12-இல் நின்று, பக்கத்துச் சிலிக்கானுக்குப் போகும் கற்றையைத் தடுக்கும். எழுதிய இடம் எழுதிய அளவுக்கு வழிவிடும். கற்றை ஆக்சைடில் இறங்குவதே இல்லை என்பதால் படம் அழியாது.

சிக்கல் மூன்று இடத்தில் வரும். அழிப்பது முதலாவது: கடைசி ஒரு வோல்ட்டில் கற்றை மெதுவாகத்தான் இறங்கும், பழைய படத்தின் நிழல் தங்கிவிடும். முழுத் தட்டையும் ஒருமுறை உயர் வோல்ட்டில் வெள்ளையாக எழுதிவிட்டுப் பிறகு இறக்குவதே மருந்து. இரண்டாவது, குழாயில் மிஞ்சிய வாயு. கற்றை அதை அயனியாக்கும். நேர் அயனிகள் கழித்தல் 12-ஐத் தேடிப்போய் ஒட்ட, கருமை சாம்பலாக வெளுக்கும். அதனால் வெற்றிடமேற்றும்போதே குழாயைச் சூடேற்றி வாயுவை விரட்டவேண்டும். பார்க்காத நேரத்தில் கற்றையை நிறுத்திவைக்கவேண்டும்.

மூன்றாவதுதான் பெரிய தொல்லை. எழுதப்படும் மின்னூட்டம் என்பது மின்னோட்டத்தையும் கற்றை தங்கிய நேரத்தையும் பெருக்கிவரும் தொகை. மருத்துவர் கருவியை ஓரிடத்தில் மெதுவாக நகர்த்தினால் அங்கே திசு உண்மையைவிட வெளிச்சமாகத் தெரியும். மின்னோட்டத்தைக் கூட்டி விரைவாக எழுதலாமே என்றால் கற்றையின் புள்ளி பருத்து நுணுக்கம் போய்விடும்.

எழுபதுகளின் பிற்பகுதியில், இதே வேலையை டிஜிட்டல் நினைவகத்தால் செய்யும் டிஜிட்டல் ஸ்கேன் கன்வர்ட்டர் வந்தது. தொடக்க காலக் கருவிகள் சிலவற்றில் சாம்பல் படிகள் 16 மட்டுமே. குழாயின் சாம்பல் அதைவிட வழுவழுப்பானது. ஆனாலும் மருத்துவமனைகள் மாறின. காலையில் வைத்த கருமை மட்டம் மாலையிலும் அங்கேயே நின்றதே, அதற்காக.