58 யூரோ டிக்கெட்டும் கட்டுச்சோறும்: ஜெர்மனியில் என் சனி, ஞாயிறுகள்

வணக்கம் மக்களே! காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம், அதாவது 2025 கோடையில், படிப்புக்காக ஜெர்மனி போய்வந்தேன் இல்லையா, அதிலிருந்து பர்கூர் காலேஜ் பசங்களும் செட்டிக்கரை காலேஜ் பசங்களும் என்னைப் பார்த்தால் படிப்பைப் பற்றிக் கேட்பதே இல்லை. "அக்கா, வாராவாரம் ஊர் சுற்றியிருக்கீங்களே, காசு ஏது?" இதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படுக்கைக்குக் காசு கொடுக்கவில்லை, அவ்வளவுதான். காலையில் கிளம்பி ராத்திரிக்குள் விடுதி அறைக்குத் திரும்ப முடிகிற ஊர்களுக்கு மட்டும்தான் போனேன். விடுதிக்கு மாத வாடகை ஏற்கெனவே கட்டியாயிற்று. அந்த அறையைப் பூட்டிவிட்டு இன்னொரு ஊரில் போய்ப் படுத்தால் ஒரே ராத்திரிக்கு இரண்டு இடத்தில் வாடகை கொடுக்கிறோம் என்று அர்த்தம். அதுவும் கோடையில், சனிக்கிழமை ராத்திரி என்றால் பத்துப் பேர் படுக்கிற ஹாஸ்டல் அறையில் ஒரு மேல்கட்டில்கூட விலை ஏறியிருக்கும். விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று என்கூடப் படித்தவர்கள் தூர தேசத்துக்குப் பறந்தார்கள். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததைப் படுக்கையிலும் விமான நிலையப் பஸ்ஸிலும் விட்டுவிட்டு வந்தார்கள்.

இப்படிப் போய்வரக் கைகொடுத்தது இரண்டு விஷயம். ஒன்று வெயில். ஜூன் மாதம் தெற்கு ஜெர்மனியில் ஐந்தேகாலுக்கெல்லாம் விடிந்துவிடும், ராத்திரி ஒன்பதேகால் வரை சூரியன் இறங்காது. நம் ஊரில் ஒன்றரை நாளில் பார்ப்பதை அங்கே ஒரு நாளில் பார்த்துவிடலாம். இரண்டாவது, டாய்ச்லாண்ட் டிக்கெட். அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

மாதச் சந்தா டிக்கெட் அது. 2023 மே மாதம் 49 யூரோவில் ஆரம்பித்தார்கள், 2025இல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63. நான் இருந்தபோது ஒரு யூரோ கிட்டத்தட்ட நூறு ரூபாய், கணக்குப் போட வசதி. 5,800 ரூபாய்க்கு ஒரு மாதம் முழுக்க, ஜெர்மனி எங்கும், டவுன் பஸ், டிராம், மெட்ரோ, வட்டார ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம். ஏற முடியாதது ஐசிஇ, ஐசி, ஈசி என்று பெயர் போட்ட வேக ரயில்கள். ஆர்ஈ, ஆர்பி, எஸ் என்று போட்டிருந்தால் ஏறி உட்காரலாம். ரயிலின் நிறத்தைப் பார்த்து ஏறாதீர்கள், ஊருக்கு ஊர் வேறு வேறு கம்பெனி ஓட்டுகிறது. பலகையில் எழுத்தைப் பாருங்கள். இன்னொன்று, இது சந்தா என்பதால் தானாகவே அடுத்த மாதத்துக்கும் நீளும். ஊர் திரும்புகிற மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதத்தோடு நிற்கும்.

மாத டிக்கெட் வேண்டாம், நாலு பேர் சேர்ந்து ஒரு நாள் மட்டும் போகிறோம் என்றால் பயர்ன் டிக்கெட் இருக்கிறது. பவேரியா மாநிலத்துக்கான ஒரு நாள் டிக்கெட், ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். வாரநாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். சனி, ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகர், இன்றைக்கும் டவுனில் ரயில் நிலையம் இல்லை. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குட்டி ரயில் ஓடியிருக்கிறது, 1905இல் வந்தது 1941இல் நின்றுபோனது. அந்த ஊர்க்காரி ஒரு கோடை முழுக்க ரயிலிலேயே கிடந்தேன் என்றால் என் அப்பாவுக்கே நம்பிக்கை வரவில்லை.

சரி, நான் தங்கியிருந்தது அவுக்ஸ்பர்க். மியூனிக்கிலிருந்து முக்கால் மணி நேரம். முதலில் எங்கேயும் போகாமல் அந்த ஊரையே சுற்றினேன், அங்கேயே பெரிய ஆச்சரியம் கிடைத்தது. ஃபுக்கராய் என்று ஒரு குடியிருப்பு. யாக்கோப் ஃபுக்கர் என்ற பெரும் பணக்கார வணிகர் ஏழைகளுக்காக 1521இல் நிறுவியது. இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வாடகை எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்கு 88 சென்ட். மாதத்துக்கு இல்லை மக்களே, வருஷத்துக்கு! அன்றைக்கு ஒரு ரைன் கில்டர், அந்தக் காலத்துக் காசு, என்று வைத்ததை இன்றைய காசில் மாற்றினால் அதுதான் வருகிறதாம், ஏற்றவே இல்லை. வசதியில்லாத, கத்தோலிக்கரான, அவுக்ஸ்பர்க்வாசியாக இருக்க வேண்டும், தினம் ஃபுக்கர் குடும்பத்துக்காக மூன்று பிரார்த்தனைகள் சொல்ல வேண்டும். ராத்திரி பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்கு மேல் வந்தால் காவலாளிக்கு 50 சென்ட், நள்ளிரவு தாண்டினால் ஒரு யூரோ. அதாவது ஒரு தடவை நள்ளிரவுக்கு மேல் வீடு திரும்பினால் ஒரு வருஷ வாடகையை விட அதிகம் போய்விடும். கஞ்சத்தனமாகச் சுற்ற வந்த எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போனது. மஞ்சள் சுவர், பச்சைக் கதவு, அப்புறம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மணி இழுக்கிற இரும்புக் கைப்பிடி ஒவ்வொரு வடிவத்தில். தெரு விளக்கு இல்லாத காலத்தில் இருட்டில் தடவிப் பார்த்தே தன் வீடு எது என்று தெரிந்துகொள்வதற்காம். இதோ, திரையில் போடுகிறேன் பாருங்கள்.

அந்தக் குடியிருப்பில்தான் இசைமேதை மோட்சார்ட்டின் கொள்ளுத்தாத்தா ஃபிரான்ஸ் மோட்சார்ட் என்ற கொத்தனார் இருந்திருக்கிறார். மோட்சார்ட்டின் அப்பாவும் அவுக்ஸ்பர்க்கில் பிறந்தவர்தான். மோட்சார்ட் பிறந்த சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவில் இருக்கிறது, ஆனால் நம் 58 யூரோ டிக்கெட் சால்ஸ்பர்க் ரயில் நிலையம் வரை செல்லும். ஒரு டிக்கெட்டில் இன்னொரு நாடு! மியூனிக்கில் மாறிப் போக மூன்று மணி நேரம் பக்கம் ஆகும். நிலையத்துக்கு வெளியே அந்த ஊர்ப் பஸ்ஸுக்கு நம் டிக்கெட் செல்லாது, நடந்துவிடலாம். 1756இல் அவர் பிறந்த மஞ்சள் வீடு கெட்ரைடெகாஸே தெருவில் 9ஆம் எண். வாசலில் நின்று பார்த்துவிட்டு ஆற்றைத் தாண்டி கப்புச்சினர் குன்றில் ஏறிவிட்டேன், ஊர் முழுக்கத் தெரியும், சல்லிக்காசு செலவில்லை. திரும்பும்போது எல்லையில் போலீஸ் ரயிலில் ஏறி அடையாளம் கேட்பார்கள். ஒரே விசாவில் போய்வரும் செங்கன் நாடுகளுக்குள்தானே போகிறோம் என்று பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

எல்லாரும் கேட்கிற கோட்டை, நொய்ஷ்வான்ஸ்டைன். அதற்கு ஃபூஸன் என்ற ஊர் வரை ரயில், ஏறக்குறைய இரண்டு மணி நேரம், அங்கிருந்து பஸ். இரண்டாம் லுட்விக் என்ற பவேரிய ராஜா 1869இல் கட்ட ஆரம்பித்து, 1886இல் முடிக்காமலே இறந்துபோனார். அவர் இறந்த சில வாரங்களிலேயே டிக்கெட் போட்டுப் பொதுமக்களுக்குக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் அங்கே இருந்த அதே ஜூலையில்தான் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்தார்கள். உள்ளே போகலாமா என்றால், என் அபிப்பிராயம் வேண்டாம். அரை மணிச் சொச்ச நேரம் கூட்டிப் போய்க் காட்டுவார்கள், போட்டோ எடுக்கக் கூடாது, கட்டணம் தனி. வெளியே இருந்து பார்க்கிற அழகுதான் அதன் அழகு, அது இலவசம். கீழேயிருந்து குதிரை வண்டி போகிறது, விட்டுவிடுங்கள். நிழலான சாலை, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட நடந்தால் மேலே. அங்கிருந்து இன்னும் ஏறினால் மரியன் பாலம், ஏறத்தாழ 90 மீட்டர் பள்ளத்துக்கு மேலே நிற்கிறது. ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல் தொங்குபாலத்தில் நெரியுமே, அப்படிக் கூட்டம். பலகை போட்ட பாலம். எதிரே ஒருவர் நடந்து வந்தாலே நம் கால் பலகை அதிரும். நான் கம்பியைப் பிடித்த கையை எடுக்காமலே எடுத்த வீடியோதான் இது, அதனால்தான் ஆடுகிறது.

உல்ம் என்ற ஊர் ஒரு மணி நேரத்துக்குள். 1377இல் ஆரம்பித்து 1890இல் முடித்த தேவாலயம், 161.53 மீட்டர். நான் பார்த்தபோது உலகத்திலேயே உயரமான தேவாலயம் அதுதான். 2025 அக்டோபரில் பார்சிலோனாவின் சக்ராடா ஃபமிலியா தேவாலயம் அதைத் தாண்டிவிட்டது. ஐன்ஸ்டைன் பிறந்த ஊரும் அதுவே. அரை நாள் போதும்.

மழை பெய்தால் மியூனிக். நான் போன 2025இல் ஞாயிற்றுக்கிழமை அல்டே பினகோதெக் ஓவிய அருங்காட்சியகத்தில் நுழைவு ஒரு யூரோதான். டியூரர் என்ற ஜெர்மன் ஓவியர் 1500இல் தன்னைத்தானே வரைந்த படம் அங்கே இருக்கிறது. கிட்டே போய்ப் பாருங்கள், கோட்டின் காலரில் ரோமம் ஒவ்வொன்றாகத் தெரியும், அதை விரலால் தடவிக்கொண்டு நேராக நம்மைப் பார்க்கிறார். அதற்கு முன்னால் மட்டும் ரொம்ப நேரம் நின்றேன்.

இப்போது சாப்பாடு. உண்மையில் காசு ஓடுகிற ஓட்டை இதுதான். வெளியே உட்கார்ந்து சாப்பிட்டால் தண்ணீருக்கே காசு, அதனால் எனக்குக் கட்டுச்சோறுதான். ஊரிலிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், கேழ்வரகு மாவு கொண்டுபோயிருந்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரியே சாதம் வடித்துப் புளிக்காய்ச்சலில் கிளறி வைத்துவிட்டால் சனிக்கிழமை மதியம் வரை கெடாது. களியை ரயிலில் சாப்பிட முடியாது, அது ராத்திரி திரும்பி வந்த பிறகு.

எதைக் கொண்டுபோக முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருள், கறி எதுவும் கூடாது. நெய், பால்கோவா போச்சு. மாம்பழமும் கூடாது! பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை இந்த ஐந்துக்கு மட்டும்தான் விலக்கு. நல்ல சீசனில், வீட்டில் செந்தூரா கூடை கூடையாகக் கிடக்கும்போது நான் வெறுங்கையோடு பெங்களூர் விமான நிலையத்துக்குப் போனேன், எங்கள் பாட்டி புலம்பித் தீர்த்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் அவுக்ஸ்பர்க்கில் ஆசியக் கடையில் இந்திய மாங்கூழ் டின் அடுக்கி வைத்திருந்தார்கள். நம் பக்கம்தான் மாங்கூழ் ஆலைக்குப் பஞ்சமே இல்லையே. பழமாகப் போக முடியாதது கூழாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டிலாக வாங்கினால் ஒன்றுக்கு 25 சென்ட் கூடப் பிடிப்பார்கள், காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசு வரும். சூப்பர் மார்க்கெட் வாசல் பக்கம் சுவரில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். பாட்டிலைப் படுக்கப் போட்டால் அது உருண்டு உருண்டு தன் பார்கோடை மெஷினுக்குக் காட்டும், அப்புறம் உள்ளே இழுத்து நொறுக்குகிற சத்தம் கேட்கும், பட்டனை அழுத்தினால் சீட்டு வரும். அந்தச் சீட்டைக் கவுன்டரில் கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்வார்கள். பாட்டிலை நசுக்கிவிட்டால் மெஷின் வாங்காது. தெருவில் சில பேர் காலி பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டுப் போவார்கள், பொறுக்கி விற்பவர் கையை உள்ளே விட வேண்டாம் என்பதற்காக. நல்ல பழக்கம்.

கழிப்பறை பெரிய செலவு. ரயில் நிலையத்தில் ஒரு யூரோ வரை கேட்கிறார்கள், நூறு ரூபாய்! ரயிலுக்குள் இலவசம். அதனால் இறங்குவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் போய்வந்துவிடுங்கள். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

பெண் பிள்ளைகள் வீட்டில் கேட்கிற கேள்வி, ராத்திரி தனியாக வருவது. நான் கடைசி ரயிலை நம்பியதே இல்லை, அதற்கு முந்தின ரயிலைத்தான் கணக்கில் வைத்தேன். வட்டார ரயில் தாமதமானால் மாறுகிற ரயில் போய்விடும், அப்போது கடைசி ரயில் கையில் இருக்கும். கோடையில் நேர வித்தியாசம் மூன்றரை மணி. அங்கே ராத்திரி எட்டரை என்றால் இங்கே நள்ளிரவு. அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ரயில் ஏறியதும் ஒரு மெசேஜ், "ஏறிட்டேன், தூங்கு" என்று. தூங்காது, அது வேறு விஷயம்.

ராத்திரி பஸ்ஸில் போனால் படுக்கைச் செலவு மிச்சம்தானே என்று கேட்பீர்கள். மிச்சம்தான். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பின் தெரியாத ஊரில் இறக்கிவிடுவார்கள், ஒரு கடை திறந்திருக்காது, அன்றைக்கு முழுக்கத் தூக்கம் கண்ணைச் செருகும். ஒரே ஒரு ஊரை எப்படியாவது பார்த்தே ஆக வேண்டும் என்றால் போங்கள், வாராவாரம் ஆகாது.

விசா பேப்பர், 30,000 யூரோ காப்பீடு, இதெல்லாம் அடுத்த வீடியோவில். அதற்குள் யாராவது கிளம்புகிறீர்கள் என்றால் ஒன்று மட்டும். போய்ச் சேர்ந்த முதல் சனிக்கிழமை பயணம் வேண்டாம். பவேரியாவில் கடை சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மூடினால் திங்கட்கிழமைதான் திறக்கும், ஞாயிறு முழுக்க ஊரே சாத்தியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக் கடைகளைத் தவிர. அரிசி, எண்ணெய், முட்டை, ரொட்டி, ஒரு நல்ல டிபன் பாக்ஸ், இதை வாங்கி வைத்துவிடுங்கள். டிபன் பாக்ஸ் இங்கிருந்தே கொண்டுபோனால் இன்னும் நல்லது, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், புளிக்காய்ச்சல் எண்ணெய் பையில் இறங்கினால் போகாது. சரி, கீழே கூப்பிடுகிறார்கள். வருகிறேன்!