மானியம் வாங்கித் தர 1,999 ரூபாயா? டீச்சர்ஸ், ஒரு நிமிஷம் நில்லுங்கள்!

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையல் கிடையாது, பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோ சாப்பிடுகிற வீடியோவும் கிடையாது. கோபத்தில் இருக்கிறேன். ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. "சர்வதேசப் பள்ளிக் கூட்டாண்மை மானியம், பள்ளிக்குப் பத்து லட்சம், ஆசிரியருக்கு வெளிநாட்டுப் பயணம் இலவசம், இன்றே பதியுங்கள்" என்று. உங்களில் பாதிப் பேர் அதை எனக்கே அனுப்பி, "டீச்சர், இது உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிவுக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? 1,999 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. பதினெட்டு சதவீதம் போட்டால் 2,358 ரூபாய் 82 பைசா. அந்த 82 பைசாதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. மானியம் என்றால் அவர்கள் நமக்குத் தருவது. தருகிறவன் முதலில் நம்மிடம் 82 பைசா கேட்கிறான்! கீழே இன்னொரு வரி: முதலில் பதிகிற ஐம்பது பள்ளிகளுக்கு 999 மட்டுமாம். ஆடித் தள்ளுபடியில் நைட்டி விற்பது மாதிரி மானியம் விற்கிறார்கள். எங்கள் பள்ளியில் அந்தப் பணத்துக்கு ஆறாம் வகுப்புக்கு வருடம் முழுக்க சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கிவிடுவோம். நான் அந்த எண்ணுக்கு போன் போட்டேன். "எந்த நாட்டு மானியம் சார்?" என்று கேட்டேன். "எல்லா நாடும் மேடம்" என்றார். எல்லா நாடுமாம்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரிப் பணம் உலகத்தில் இல்லாமல் இல்லை, நிறைய இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் பணப்பை அந்த நாட்டுப் பள்ளியின் கையில்தான் இருக்கும். தண்டையார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு நாம் நேராக விண்ணப்பிக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கல்விப் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 முதல் 2027 வரைக்கும் சுமார் 26 பில்லியன் யூரோ. வாயைப் பிளக்காதீர்கள். அதில் பள்ளிகளுக்கான மானியத்தைக் கேட்டு வாங்குகிறவை ஐரோப்பாவில், அந்தத் திட்டத்தில் சேர்ந்த நாடுகளில் இருக்கிற பள்ளிகள்தான்.

பிரிட்டன் அதிலிருந்து வெளியே போன பிறகு 2021-இல் டியூரிங் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத திட்டம். ஏனென்றால் அது ஒருவழிப் பாதை. அவர்கள் பிள்ளைகள் வெளியே போக மட்டும் பணம், நாம் அங்கே போக ஒரு பவுண்டு கிடையாது. வேல்ஸ் அரசு அதைப் பார்த்துவிட்டுத் தனியாக 'டைத்' என்று ஆரம்பித்தது. 65 மில்லியன் பவுண்டு ஒதுக்கி, 2022-இல் முதல் மானியங்களைக் கொடுத்தார்கள். அதில் அவர்கள் வெளியே போகவும் பணம், வெளிநாட்டு ஆசிரியர் வேல்ஸுக்கு வரவும் பணம். விண்ணப்பிப்பது வேல்ஸ் பள்ளிதான், ஆனால் நம் டிக்கெட்டையும் அதே விண்ணப்பத்தில் எழுத முடிந்தது. இதுதான் நியாயம். நம்மைப் பார்க்க வருகிறவர்கள் நம்மையும் கூப்பிட வேண்டாமா?

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். மானியத்தைத் தேடாதீர்கள், வெளிநாட்டில் ஒரு கூட்டாளிப் பள்ளியைத் தேடுங்கள். கிடைத்ததும் வெட்கப்படாமல் முதல் மின்னஞ்சலிலேயே, "எங்கள் ஆசிரியர் அங்கே வருகிற செலவு உங்கள் பட்ஜெட்டில் எந்த வரியில் இருக்கிறது?" என்று கேளுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று பதில் வந்தால், அந்த அப்புறம் வரவே வராது. விசாக் கட்டணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பிரிட்டன் விசிட்டர் விசா 2025 ஏப்ரலில் 115 பவுண்டிலிருந்து 127 ஆனது. ஷெங்கன் விசா 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 ஆனது. இதை எழுத மறந்தால் நம் கையைக் கடிக்கும்.

பள்ளி வழியாக இல்லாமல் ஆசிரியரே தனியாக விண்ணப்பிக்கிற வழியும் உண்டு. அமெரிக்க அரசின் ஆசிரியர் பரிமாற்றத் திட்டம், ஃபுல்பிரைட் டி.இ.ஏ. என்று சொல்வார்கள். ஆறு வாரம், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பயிற்சி, பக்கத்துப் பள்ளி ஒன்றில் வகுப்பறை அனுபவம். இந்தியாவில் அதைப் பார்த்துக்கொள்வது யு.எஸ்.ஐ.இ.எஃப். என்கிற அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை, 1950-இல் இருந்து இருக்கிற அமைப்பு. விண்ணப்பக் கட்டணம் கிடையாது. கேட்டீர்களா 1,999 சார், கிடையாது! ஆனால் அரசுப் பணம் என்றால் அரசு மனசு மாறும். 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு பரிமாற்றத் திட்டங்களின் பணத்தைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. அதனால் போன வருடத்துத் தகவலை நம்பாமல் யு.எஸ்.ஐ.இ.எஃப். தளத்தைப் பார்த்துவிட்டு மெனக்கெடுங்கள். நம் ஊர் வழியும் இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை, 'கனவு ஆசிரியர்' என்று தேர்ந்தெடுத்த ஆசிரியர்களைப் பிரான்ஸுக்குக் கூட்டிப்போனதே, அதற்கு வெளிநாட்டுக் கூட்டாளி யாரும் தேவைப்படவில்லை.

இதற்கு நடுவில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், அங்கே போகும்போது நாம் கொண்டுபோகிற பரிசுப் பெட்டி விஷயம். நான் வேல்ஸ் போன பழைய வீடியோவைப் பார்த்தவர்களுக்கு, கிளம்புவதற்கு முன் நான் காசிமேட்டில் நெத்திலிக் கருவாடு வாங்கியது ஞாபகம் இருக்கும். எங்களைத் தங்க வைத்தது ஒரு தமிழ் நர்ஸ் அக்கா குடும்பம். அவர் கேட்டது அது ஒன்றுதான். என்கூட வந்த டீச்சர் சிரித்தார். "ஊரே நாறும், நான் டீசண்டாகப் பால்கோவா எடுத்து வருகிறேன்" என்றார். அங்கே சுங்கத்தில் என்ன ஆனது? பால்கோவா குப்பைத் தொட்டிக்குப் போனது, கருவாடு ஜம்மென்று வெளியே வந்தது! இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பிரிட்டனுக்குள் கொண்டுபோகக் கூடாது. மீன், அதுவும் உலர்ந்த மீன், சொந்த உபயோகத்துக்கு இருபது கிலோ வரை விடுகிறார்கள். இருபது கிலோ மக்களே! அந்த அதிகாரி பொட்டலத்தை முகர்ந்துவிட்டு உடனே மூடினார். அவர் மூஞ்சி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கமெண்டில் யாரோ "டீச்சர், எப்படிப் பொட்டலம் கட்டினீர்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். வாழையிலை, அதன் மேல் செய்தித்தாள், அதன் மேல் இரண்டு ஜிப் கவர், கடைசியாக ஒரு எவர்சில்வர் டப்பா. போதுமா?

அடடா, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். பணம் நம் பள்ளிக் கணக்குக்கே வருவதாக இருந்தால் எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். பள்ளியை நடத்துகிற அறக்கட்டளைக்கு மூன்று வருட வயதாவது ஆகியிருக்க வேண்டும், கடைசி மூன்று வருடத்தில் பதினைந்து லட்சம் செலவு காட்ட வேண்டும். அல்லது உள்துறை அமைச்சகத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் முதலில் இறங்குவது டெல்லியில் ஸ்டேட் பேங்க் பிரதான கிளையில் மட்டும்தான். எங்கள் தாளாளருக்கு இது புரிய ஒரு வாரம் ஆனது. "திருவொற்றியூர் ஹை ரோட்டிலேயே பேங்க் இருக்கிறதேம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இருக்கிறது சார், ஆனால் சட்டம் டெல்லி என்கிறது! இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் கூட்டாளிப் பள்ளியே நேராகப் போட்டுக்கொடுக்கட்டும்.

ஆனால் அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் கவனியுங்கள். வெளிநாட்டுக்காரர் டிக்கெட்டும் சாப்பாடும் தந்தால் அதற்குச் சட்டத்தில் 'வெளிநாட்டு விருந்தோம்பல்' என்று பெயர். எஃப்.சி. 2 படிவத்தில் உள்துறையின் முன் அனுமதி வேண்டும், கிளம்புவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட வேண்டும். உங்கள் துறை தருகிற என்.ஓ.சி., அதாவது 'ஆட்சேபணை இல்லை' என்கிற சான்று, தனி. பல பேருக்குப் பயணம் நின்றுபோவது விசாவில் இல்லை, இந்த என்.ஓ.சி.யில்தான். கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. என் தோழி ஒருத்தி அழைப்புக் கடிதத்தின் கீழேயே தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி இணைத்தார்: யார் கூப்பிடுகிறார்கள், எத்தனை நாள், அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை என்று. கோப்பு நகர்ந்தது. அந்தக் கடைசி வரியைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

கூட்டாளிப் பள்ளிக்காரர்கள் இங்கே வரும்போது ஒன்று. ஹோட்டலில் இல்லாமல் உங்கள் வீட்டில் தங்க வைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அலுவலகத் தளத்தில் தகவல் கொடுத்தாக வேண்டும். முன்பு 'சி படிவம்' என்று சொல்வார்களே, அதுதான். ஆன்லைனிலேயே போடலாம். விருந்தாளி வந்த களைப்பில் தூங்கும்போதே பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கி முடித்துவிடுங்கள்.

கூட்டாளிப் பள்ளிக்கு எழுதுகிற அந்த முதல் மின்னஞ்சலை அடுத்த வீடியோவில் வரி வரியாகத் திரையில் காட்டுகிறேன். உங்கள் குழுவில் அந்த 1,999 செய்தி வந்தால், போட்டவரிடம் எந்த நாடு, எந்தத் திட்டம், யார் விண்ணப்பதாரர் என்று இந்த மூன்றையும் கேட்டு, என்ன பதில் வந்தது என்று கமெண்டில் போடுங்கள். கீழே தண்ணி லாரி வந்துவிட்டது, நான் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன்.