ஆந்தைக் கூட்டில் அந்துப்பூச்சிக்கு என்ன வேலை?

[காட்சி: குளியலறைச் சுவர், நெருக்கமாக]

நம்ம சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் குளியலறைச் சுவரில் பூசணி விதை மாதிரி தட்டையாக, சாம்பல் நிறத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அழுக்கு என்று துடைப்பத்தால் தட்டிவிடுவோம். அது அந்துப்பூச்சியின் புழு. மண்ணையும் தூசியையும் பட்டுநூலால் கோத்துத் தானே கட்டிய உறைக்குள் இருந்துகொண்டு, இந்தப் பக்கமும் தலையை நீட்டும், அந்தப் பக்கமும் நீட்டும். பழைய ஒட்டடை, உதிர்ந்த முடி இதெல்லாம்தான் சாப்பாடு. குடும்பப் பெயர் டினெய்டே. கம்பளித் துணியில் ஓட்டை போடுகிறதே, அதுவும் இதே குடும்பம்தான்.

சரி, கம்பளியும் அலமாரியும் வருவதற்கு முன்னால் இந்தக் குடும்பம் எங்கே பிழைத்தது? விலங்குகளின் வளை, செத்த உடல், பறவைக் கூடு. அதிலும் ஆந்தைக் கூடு என்றால் விருந்துதான்.

[காட்சி: மரப்பொந்து, உள்ளே குஞ்சுகள்]

ஆந்தை எலியைப் பெரும்பாலும் முழுசாக விழுங்கிவிடும். முடியும் எலும்பும் செரிக்காது, உருண்டையாகக் கக்கிவிடும். குஞ்சுகளுக்கு இறகு முளைக்கும்போது அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறை வேறு செதில் செதிலாக உதிரும். பொந்தை யார் கூட்டிப் பெருக்குவது? எல்லாம் அங்கேயே படிகிறது.

முடி, இறகு, நகம் எல்லாமே கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிப் பூட்டி வைத்திருப்பதால் நம் வயிற்றில் அது கரையாது. இந்தப் புழுக்களின் குடலில் கடுமையான காரத்தன்மை இருக்கிறது, ஆக்ஸிஜனும் மிகக் குறைவு. அந்தச் சூழலில் பூட்டு உடைகிறது, அப்புறம் நொதிகள் புரதத்தை வெட்டிவிடுகின்றன. விலங்குகளில் மிகச் சிலவற்றுக்கே வாய்த்த வித்தை இது. புழுக்கள் முடியைத் தின்று தீர்த்தால் உருண்டையில் எலும்புதான் மிஞ்சும்.

ஜப்பானில் யூரல் ஆந்தைக் கூடுகளில் இந்தக் குடும்பத்துப் பூச்சிகள் இருப்பதை 2007இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மோனோபிஸ் என்ற பேரினத்தில் சில பூச்சிகள் முட்டையே இடுவதில்லை, நேராகக் குட்டிப் புழுக்களை ஈனுகின்றன! எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட ஆச்சரியம்.

குஞ்சுகளைக் கடிக்குமா என்று கேட்பீர்கள். இல்லை, உதிர்ந்ததும் கக்கியதும்தான் இதன் தீனி.

[காட்சி: பூமலை (தாவரவியல் பூங்கா), பாசிர் ரிஸ் பூங்கா]

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. பூமலையில் நாம் அண்ணாந்து பார்க்கும் மீன் ஆந்தைக்கு மீனும் தவளையும்தான் முக்கியம், மீன் செதிலில் கெரட்டின் கிடையாது. அப்படிப்பட்ட கூட்டில் புழுவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இறகும் அதன் உறையும்தான். பாசிர் ரிஸ் பக்கம் தென்படும் புள்ளி ஆந்தையோ எலி தின்பது. அது தங்கும் மரத்தடியில் முடி உருண்டை ஏதாவது கிடந்தால் மிதித்துவிடாதீர்கள், குனிந்து பாருங்கள், முடிக்கு நடுவே மெல்லிய பட்டுக்குழாய் ஓடுகிறதா என்று.