விரல் நீட்டிய வினைச்சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘டீச்’ என்றொரு வினைச்சொல். கற்பி, சொல்லிக்கொடு என்று பொருள் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோம். ஆங்கிலம் நடத்திய காலத்தில் நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் போயிருக்கிறேன். அதன் பிறப்பைத் தெரிந்துகொண்ட பிறகு அவ்வளவு எளிதில் கடந்துபோக மனம் வரவில்லை.

பழைய ஆங்கிலத்தில் இது ஏறக்குறைய ‘டேச்சன்’ என்று ஒலித்தது. சுட்டிக்காட்டு என்பதே அதன் முதற்பொருள். சொல்லுவது அல்ல, காட்டுவது. இதன் உடன்பிறப்பு ஒன்று தினமும் நம் வாயில் புழங்குகிறது: டோக்கன். வரிசையில் நிற்கும்போது கையில் தருகிறார்களே, எண் போட்ட சின்ன அட்டை, அதேதான். அடையாளம் என்பது அந்தச் சொல்லின் பழைய பொருள்.

உறவு இதோடு நிற்கவில்லை. ஆங்கிலமும் சமஸ்கிருதமும் சேர்ந்த இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்துக்குப் பொதுவான ஒரு மூத்த வேரில் மொழியியலார் இவற்றைச் சேர்க்கிறார்கள். அந்த வேருக்கும் காட்டு என்றே பொருள். சமஸ்கிருதத்தில் அது கிளைத்த வழியில் பிறந்தவை திசையும் உபதேசமும். இரண்டையும் தமிழ் எப்போதோ வாங்கிக்கொண்டது. ஆக, திசை என்று நாம் சொல்லும்போதெல்லாம் டீச்சுக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு செய்தி. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் ‘டீச்சர்’ என்றால் சுட்டுவிரல்! ஆசிரியர் என்ற பொருள் எழுத்தில் தென்படுவது அதற்குச் சற்றுப் பிறகுதான். அந்த விரலை நாம் ஆட்காட்டி விரல் என்கிறோம். அங்கேயும் காட்டுதான்.

தமிழ் இலக்கணம் இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தது. பாடம் சொல்வதை நன்னூல் ‘ஈதல்’ என்கிறது. கொள்வோன் கொள்வகை அறிந்து நூல் கொடுத்தல் என்கிறது. அங்கே காட்டுதல், இங்கே கொடுத்தல். வாங்குகிறவன் எப்படி வாங்குவான் என்று அறிந்து கொடு என்ற அந்த நிபந்தனையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி ‘டீச்’சைப் பயன்படுத்தும் முறை. ‘எனக்குக் கற்பித்தார்’ என்பதில் வரும் ‘கு’வை நம்மவர்கள் அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ‘டாட் டூ மீ இங்கிலிஷ்’ என்பார்கள். ஆளை முதலில் சொன்னால் ‘டூ’ வேண்டாம்: ‘டாட் மீ இங்கிலிஷ்’. பாடத்தை முதலில் சொன்னால்தான் அது வரும்: ‘டாட் இங்கிலிஷ் டூ மீ’. இறந்தகால வடிவமான ‘டாட்’டின் நடுவே ‘ஜி’, ‘எச்’ என்று இரண்டு ஊமை எழுத்துகள் நிற்கின்றனவே, அவை வீணாக வந்தவை அல்ல. ஒரு காலத்தில் அங்கே தொண்டையில் உரசி எழும் ஓர் ஒலி இருந்தது. ஒலி போய்விட்டது, எழுத்து தங்கிவிட்டது. ‘லேர்ன்’ என்ற சொல்லும் முன்பு கற்பி என்ற பொருளில் தடையின்றி வழங்கியது. இன்று அப்படிச் சொன்னால் பிழை என்பார்கள்.

காட்டுதல் என்ற பொருளை எனக்கு உண்மையில் புரியவைத்தது அகராதி அல்ல. மகளுக்கு அப்போது ஐந்து வயதிருக்கும். ஷூ நாடா கட்டப் பழக்கினேன். எதிரே உட்கார்ந்து, ‘இதை வளையமாக மடி, அதைச் சுற்றிக் கொண்டுவா, உள்ளே நுழை’ என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். முடிச்சு விழவில்லை. எதிரே இருந்ததால் என் வலக்கை அவளுக்கு இடப்பக்கம் தெரிந்திருக்கிறது. பிறகு அவளை எனக்கு முன்னால் அமர்த்தி, அவள் தோள்களுக்கு மேலாகக் கைகளை நீட்டி, ஒரு வார்த்தையும் பேசாமல் மெதுவாகக் கட்டினேன். அவிழ்த்தேன். மறுபடி கட்டினேன். மூன்றாம் முறை என் விரல்களை விலக்கிவிட்டு நாடாவை அவளே பிடித்துக்கொண்டாள்.

நன்றி, வணக்கம்.