அம்மை வந்த வீட்டுல மாத்திரையா? கடுப்புல ஒரு வ்லாக்

ஹாய் மக்களே! இன்னைக்கு சமையல் கிடையாது. தலைகூட வாரல, அப்படியே உக்காந்துட்டேன். போன வீடியோல தம்பி பின்னாடி சொறிஞ்சுக்கிட்டே போனான்ல, "கொசுக்கடியா அக்கா"ன்னு கேட்டிருந்தீங்க. கொசுவாம்! சின்னம்மை. இப்போ பாப்பாவுக்கும் இறங்கியாச்சு.

முதல்ல வேப்பிலை கதை. ஆப்ல ஒரு கொத்து 49 ரூபா! பிளாஸ்டிக் கவர் போட்டு, பார்கோடு ஒட்டி! எங்க அத்தை மதுரைக்காரங்க. "வேப்பிலைக்குக் காசா?"ன்னு மூஞ்சிய திருப்பிக்கிட்டாங்க. அப்புறம் வாட்ச்மேன் அண்ணன் பின் தெருவுல ஒரு மரம் காட்டினார். ஒரு பை நிறைய, ஓசியில! அன்னைக்கு முழுக்க நான் தரையிலயே நடக்கல.

சரி, விஷயத்துக்கு வரேன். தம்பிக்கு டாக்டர் வைரஸ் மருந்து எழுதல. ஆறு வயசு, வேற நோய் எதுவும் இல்ல, தானா அடங்கிடும்னுட்டார். பாப்பாவுக்கு மட்டும் அசைக்ளோவிர்ங்கிற வைரஸ் மருந்து. உடனே பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "அம்மா வந்த வீட்டுல மாத்திரையா?" எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வேப்பிலையும் இருக்கு, வாசல்ல மஞ்சத்தண்ணியும் இருக்கு, மாத்திரையும் இருக்கும். ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா.

12 வயசு தாண்டினா அம்மை உக்கிரமா போகலாம். பாப்பாவுக்கு 13. அதுலயும் ஒரே வீட்டுல ரெண்டாவதா வர்றவங்களுக்குக் கொப்புளம் ஜாஸ்தி. முதல் கொப்புளம் தெரிஞ்ச 24 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் மருந்துக்கு நல்ல பலன். முதல் தண்ணி ஊத்தட்டும், பார்க்கலாம்னு உக்காந்தா அந்த நேரம் போயிடும்.

ஆங், மெடிக்கல் ஷாப் கதைய விட்டுட்டேன்! காய்ச்சலுக்கு பாராசிட்டமால் கேட்டா, இபுப்ரோஃபென் கலந்த சிரப்ப நீட்டுறார். அட்டைய திருப்பிப் படிச்சு அங்கேயே திருப்பிக் கொடுத்தேன். அம்மை நேரத்துல இபுப்ரோஃபென் வேண்டாம், தோல்ல மோசமான பாக்டீரியா தொற்று வரலாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது, ரேய்ஸ் சிண்ட்ரோம்னு ஈரலையும் மூளையையும் தாக்கும்.

கொப்புளத்தைச் சுத்தி சிவந்து வீங்கி வலிச்சா, மூச்சு வாங்கினா, குழந்தை எழுப்ப எழுப்பத் தூங்கினா, நடக்கும்போது தள்ளாடினா, நேரா ஆஸ்பத்திரி. காத்திருக்காதீங்க.

தடுப்பூசி கேட்டீங்கல்ல? அரசு அட்டவணைல இது இல்ல, தனியார்லதான், ரெண்டு டோஸ். விலைய கேட்டா அந்த வேப்பிலையே சல்லிசு! ஆனாலும் போட்டுடுங்க. வீட்டுல யாராவது கர்ப்பமா இருந்து, அம்மை வராதவங்களா இருந்தா, குழந்தைகிட்ட விடாதீங்க. ஏற்கனவே பக்கத்துல இருந்துட்டா உடனே டாக்டருக்கு போன் பண்ணுங்க.

எல்லா கொப்புளமும் காய்ஞ்சு பொருக்கு கட்டினாதான் ஸ்கூல்னு டாக்டர். பொருக்கு உதிர்ற வரைக்கும்னு அத்தை, பரீட்சை இருக்குன்னு இவர். நான் டாக்டர் பக்கம்.

அப்புறம், கேலமைன் லோஷன் புது சோஃபா கவர் பூரா ரோஸ் கலர்ல அப்பியிருக்கு. எதைப் போட்டா போகும்? கமென்ட்ல சொல்லுங்க. எலுமிச்சம்பழம்னு மட்டும் சொல்லாதீங்க, தேய்ச்சுப் பார்த்தாச்சு.