அட்மின் சும்மா இருக்கலாமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தக்கலையில் இந்த ராத்திரியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'வாட்ஸ்ஆப் குழுவில் மரியாதையைக் காக்க வேண்டியவர் உறுப்பினரா, அட்மினா?' அட்மின்தான் என்பது எங்கள் அணி. பீடத்தோடு 133 அடிக்கு வள்ளுவரை நிறுத்தி வைத்திருக்கும் மாவட்டம் இது. இனியவை கூறலை எதிரணியே இரண்டு தடவை சொல்லிவிட்டதால் நான் விட்டுவிடுகிறேன். அந்தக் குறளை மனப்பாடமாகச் சொல்கிறவர்தானே குழுவிலும் ஏசுகிறார்?

ஓர் ஊர்க் குழு. பெயர் வேண்டாம், அதில் இருக்கிற நாலு பேர் இங்கேயே இருப்பார்கள். "வடசேரியில இருந்து நம்ம ஊருக்குக் கடைசி பஸ் எப்போ?" என்று ஒருவர் கேட்டார். "போன மாசமே போட்டாச்சே, கண்ணு தெரியாதா வே?" என்று ஒரு பதில். "கேட்டா சொல்லணும். நீரு பெரிய கலெக்டராக்கும்!" என்று இவர். ஒருத்தர் சிரிக்கிற பொம்மையைப் போட, இன்னொருத்தர் பழைய வரப்புத் தகராறைக் கிளப்ப, கொஞ்ச நேரத்தில் செத்துப்போன அப்பாவையும் இழுத்துவிட்டார்கள். பஸ் நேரத்தை இன்றுவரை யாரும் சொல்லவில்லை. படித்தவர்கள் பட்டியலில் அட்மின் பெயரும் இருந்தது. மறுநாள் காலை ரோஜாப்பூ படத்தோடு வணக்கம் போட்டார், அவ்வளவுதான்!

அந்த இரண்டு பேரும் கெட்டவர்களா? சந்தையில் நேரில் பார்த்தால் "அண்ணாச்சி, சுகமா?" என்று கேட்கிறவர்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் சூலர் 2004-லேயே இதை எழுதினார். எதிராளியின் முகம் கண்ணில் படாததும், பதில் உடனே வராததும்கூட மனிதனின் கூச்சத்தை அவிழ்த்துவிடும் என்றார். பெயர் தெரிந்த ஊர்க் குழுவிலும் முகம் வாடுவது தெரியாது. நல்லவரும் சறுக்குகிற இடம் அது. அங்கே ஒருத்தர் பொறுப்பாக நிற்க வேண்டாமா? இப்போது ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். அத்தனை பேரும் தானாக அடங்கட்டும் என்கிறீர்களே!

எதிரணித் தோழி ஒரு சட்டப் புள்ளியை வைத்தார், நல்ல புள்ளி. உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் குற்றவாளி ஆகமாட்டார் என்று 2021-ல் மும்பை உயர் நீதிமன்றமும் 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் சொன்னது உண்மை. சரி, ஜெயிலுக்குப் போக வேண்டாம். நாங்களும் அதைக் கேட்கவில்லை. டீக்கடையில் 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று எழுதி வைத்த கடைக்காரர் எந்தச் சட்டத்துக்குப் பயந்து எழுதினார்? பெஞ்சு உடையக் கூடாது, நாளைக்கும் ஆள் வரவேண்டும், அதற்குத்தான். அட்மினுக்குப் பெஞ்சைத் தூக்கவும் வேண்டாம். 2018-லிருந்து அட்மின் மட்டும் எழுதும்படி குழுவைப் பூட்டலாம். 2022-லிருந்து அடுத்தவர் போட்டதை எல்லோருக்கும் அழிக்கலாம். ஒரு மணி நேரம் பூட்டிவிட்டு, இரண்டு பேருக்கும் தனியாகப் போன் போட்டு "வேய், நாளைக்குப் பேசலாம்" என்றால் போதும். அந்தப் போன்தான் முக்கியம். குழுவில் எல்லோர் முன்னாலும் கண்டித்தால் அதுவே அடுத்த சண்டை.

அட்மினுக்கு அதிகாரம் கொடுத்தால் ஆடுவார் என்கிறார்கள். ஆடுகிறார்கள்தான், மறுக்கவில்லை. கோயில் கொடைக்கு வரவு செலவு கேட்டவரைக் குழுவிலிருந்தே தூக்கிய அட்மினும் உண்டு. கேள்வியை விட்டுவிட்டு வசவை மட்டும் நிறுத்தத் தெரிந்தவரை அட்மினாக வையுங்கள் என்பதே எங்கள் வாதம்.

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர் சற்று முன்னால் என்னை 'மண்டையில் சரக்கில்லாதவர்' என்று ஆரம்பித்ததும் மணியடித்து நிறுத்தினீர்கள். உறுப்பினரே திருந்திக்கொள்வார் என்று ஏன் விடவில்லை? அதை மனதில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.