புறாவின் மார்பில் கேமரா: ஷட்டரை அழுத்தியது யார்?

[காட்சி: மார்பில் சிறு கேமரா கட்டிய புறா]

இது ஒட்டுவேலைப் படம் இல்லை. ஜெர்மனியில், பிராங்பர்ட் அருகே க்ரோன்பெர்க் என்ற ஊரில், 1907-08 வாக்கில், உண்மையிலேயே இப்படித்தான் வான்படம் எடுத்தார்கள். எடுத்தவர் யூலியுஸ் நொய்ப்ரோன்னர், மருந்துக்கடைக்காரர். அவசர மருந்துகளைப் புறா மூலம் வரவழைத்துக்கொண்டிருந்தவர். 75 கிராம் வரை ஏற்றலாம் என்பது அவருக்கு அதில் கிடைத்த கணக்கு.

கேமராவையும் அந்த எடைக்குள் அடக்கினார். அலுமினிய மார்புத் தகடு, தோல் வார், அதில் கேமரா. கூட்டிலிருந்து 100 கிலோமீட்டர் தூரம் வரைகூடக் கொண்டுபோய் விடுவார்கள். சுமையோடு சுற்றித் திரியப் புறாவுக்கு மனம் வராது; 50 முதல் 100 மீட்டர் உயரத்தில் நேராக வீடு நோக்கிப் பறக்கும்.

சரி, ஷட்டரை அழுத்துவது யார்? காற்றுதான்!

[காட்சி: காற்றறை, பிஸ்டன் வரைபடம்]

பறக்கவிடும் முன் சிறு அறையொன்றில் காற்றை அடைப்பார்கள். அது மெல்லக் கசியும். கசியக் கசிய பிஸ்டன் நகர்ந்து, கடைசியில் ஷட்டரைத் தட்டிவிடும். மொத்தக் கருவியிலும் மெச்ச வேண்டிய பகுதி இதுதான். சிக்கலும் இங்கேதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். கசிவு ஒரு நிமிடம் முந்தினாலோ எதிர்காற்று அடித்தாலோ, கோட்டைக்குப் பதில் வயல்தான் பதிவாகும். புறா சாய்ந்தால் படமும் சாயும். க்ரோன்பெர்க் அரண்மனைப் படத்தின் இரு ஓரத்திலும் சிறகு நுனிகள் தெரிவதைப் பாருங்கள்.

காப்புரிமை அலுவலகம் முதலில் நம்பவில்லை. சான்றளித்த படங்களைக் காட்டிய பிறகு, 1908 டிசம்பரில் உரிமை வழங்கியது. 1909-இல் டிரெஸ்டன் நகரில் நடந்த ஒளிப்படக் கண்காட்சியில் புறா வந்திறங்கியதும் படத்தைக் கழுவி, அஞ்சலட்டையாக விற்றார்கள்.

ராணுவத்துக்கும் ஆசை வந்தது. ஆனால் புறா தன் கூட்டுக்குத்தானே திரும்பும்? போர்முனையோ இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதற்காகவே இருட்டறையோடு சக்கரம் வைத்த கூண்டு வண்டியைச் செய்து, இடம் மாறும் கூண்டுக்குத் திரும்பப் புறாக்களைப் பழக்கினார் நொய்ப்ரோன்னர். முதல் உலகப் போரில் படமெடுக்கும் வேலையை விமானங்கள் எடுத்துக்கொண்டன. விமானத்தில் இருப்பவர் வேண்டிய இடத்தில் ஷட்டரை அழுத்தலாமே. நொய்ப்ரோன்னரின் கூண்டு வண்டி மட்டும் 1916-இல் பிரான்சின் வெர்டன் போர்முனைக்குப் போனது, செய்தி சுமக்கும் புறாக்களோடு.